வெஸ்ட் பாயின்ட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு: கேள்வியும் பதிலும்

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்விக்கழகம். 1802இல் தொடங்கியது. என் மகன் அங்கே நான்கு ஆண்டு படித்து செகண்ட் லெப்டினன்ட்டாக, அதாவது ராணுவத்தின் தொடக்கநிலை அதிகாரியாக, வெளியே வந்தான். அந்த நான்கு ஆண்டும் எங்கள் மாநிலப் பெற்றோர் சங்கத்தில் இருந்தேன்; அதில் இரண்டு ஆண்டு மாணவர்களுக்குத் தின்பண்டப் பொட்டலம் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. இந்தக் கோடையில் பிள்ளைகளை அனுப்பவிருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் கேட்டவையும், நான் சொன்ன பதில்களும் இவை.

பெற்றோர் சங்கம் கல்விக்கழகத்தின் ஒரு பிரிவா? சேராவிட்டால் என் மகனுக்குக் குறை ஏதும் வருமா? (ஒரு தந்தை, ஜார்ஜியா)

பிரிவு அல்ல. மாநில வாரியாக, வட்டார வாரியாகப் பெற்றோர்களே நடத்தும் தன்னார்வச் சங்கங்கள் இவை. உங்கள் மகனின் மதிப்பெண்ணிலோ பதவியிலோ சங்கத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. நீங்கள் சேராவிட்டால் அவனுக்கு ஒரு குறையும் வராது. குறை உங்களுக்குத்தான் வரும் என்பது என் எண்ணம். அவனைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்புத் தோழர்கள் அதே வெயிலில் அதே பயிற்சியில் நிற்பார்கள். உங்களைச் சுற்றி யார் இருப்பார்கள்? அக்கம்பக்கத்தில் எவருக்கும் ‘பிளீப்’ என்றால் முதலாண்டு மாணவன் என்றுகூடத் தெரியாது. சங்கம் முதலில் தாங்குவது பெற்றோரை. தாங்கப்பட்ட பெற்றோர்தான் பிள்ளைக்கு நிதானமாகக் கடிதம் எழுதுவார்கள்.

சேர்க்கை நாளில் விடைபெற ஒன்றரை நிமிடம்தான் தருவார்களாமே, உண்மையா? (ஒரு தாய், டெக்சஸ்)

உண்மைதான், சகோதரி. அந்த நாளை ‘ஆர்-டே’ என்பார்கள். பெற்றோரும் பிள்ளைகளுமாக அமர்ந்திருக்கும்போது ஒரு மூத்த மாணவர் எழுந்து, விடைபெற 90 விநாடி என்று அறிவிப்பார். அணைத்துக்கொள்வதற்குள் முடிந்துவிடும். ஆகவே சொல்ல வேண்டியதை முந்தைய இரவே சொல்லிவிடுங்கள். அறிவுரையை அந்த 90 விநாடிக்கு வைத்திருக்காதீர்கள்.

சங்கத்தின் வேலை இதற்குச் சில வாரம் முன்பே தொடங்கிவிடும். எங்கள் சங்கத்தில் புதியவர்களுக்கு ஒரு பூங்காவில் வழியனுப்பு விருந்து வைப்போம். மூத்த மாணவர்கள் விடுமுறையில் வந்திருந்தால் அவர்களையும் அழைப்போம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு, பெரியவர்களிடம் கேட்கக் கூசுவதையெல்லாம் கேட்டுத் தெளிவார்கள். பூட்ஸை ஜூன் மாதம் முழுக்கப் போட்டு நடந்து காலுக்குப் பழக்கிக்கொள்ளச் சொல்வதும் அங்கேதான்.

ஆர்-டே அன்று மாலை உறுதிமொழி நிகழ்ச்சி இருக்கிறது. அதற்குக் கட்டாயம் இருங்கள். காலையில் ஜீன்ஸோடு போன பிள்ளைகள், முடி வெட்டி, சீருடை அணிந்து, அணிவகுத்து வருவார்கள். யார் யார் என்றே தெரியாது. நான் கடைசிவரை வேறொருவர் மகனைத்தான் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறேன் என்று பிறகு புகைப்படத்தில் தெரிந்தது. பக்கத்தில் நின்ற மூத்த தாய் ஒருவர், “பரவாயில்லை, அவனுக்காகவும் யாராவது அழ வேண்டும்” என்றார். சங்கத்தில் நான் அன்றே மனத்தால் சேர்ந்துவிட்டேன்.

கைப்பேசி இல்லாமல் ஆறு வாரம் எப்படி? என்ன எழுதுவது? (அதே தாய்)

கோடைப் பயிற்சியை மாணவர்கள் ‘பீஸ்ட்’ என்கிறார்கள். அந்த வாரங்களில் கைப்பேசி அவர்கள் வசம் இருக்காது. இடையில் எப்போதாவது சில நிமிட அழைப்பு வரும். மற்றபடி கடிதம்தான்.

நிறைய எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள். வீட்டு நாய் என்ன செய்தது, தெருவில் யார் வீடு மாறினார்கள், மழை பெய்ததா என்பதெல்லாம் போதும். “நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது” என்று எழுதாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அவனால் அங்கிருந்து அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. உறையில் படம் வரைவது, பளபளக்கும் ஒட்டிகள் ஒட்டுவது வேண்டாம்; பயிற்றுவிக்கும் மூத்த மாணவர்கள் கண்ணில் தனியாகத் தெரிவது பிளீப்புக்கு நல்லதல்ல. தொண்டை மாத்திரை வைக்கலாம். நாள் முழுவதும் உரக்கப் பதில் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போயிருக்கும்.

பதில் வராது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். என் மகனிடமிருந்து வந்த முதல் கடிதத்தில் மூன்றே வரி: நன்றாக இருக்கிறேன், கால் கொப்புளம் ஆறிவருகிறது, தூங்கப் போகிறேன். அந்த மூன்று வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. சங்கக் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டியபோது, இரண்டாம் ஆண்டு மாணவனின் தந்தை ஒருவர், “கொப்புளம் ஆறுகிறது என்று எழுதத் தோன்றுகிறது என்றால் அவன் நன்றாக இருக்கிறான்” என்று விளக்கினார். கடிதத்தைப் படிக்கவும் அனுபவம் வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் பயிற்சி முடியும்போது முகாமிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நடந்து திரும்புவார்கள். குடும்பங்கள் சாலையோரம் நின்று கைதட்டி வரவேற்கலாம். வர முடியாத பெற்றோரின் பிள்ளைகள் பெயரையும் அட்டையில் எழுதிப் பிடிப்பது எங்கள் வழக்கம்.

எங்கள் பெண் சைவம். சாப்பாடு? முறுக்கு அனுப்பலாமா? (ஒரு தாய், நியூ ஜெர்சி)

சைவ உணவு கிடைக்கும். ஆனால் வாஷிங்டன் ஹாலில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிளீப்புகள்தாம் மேசைக்குப் பானம் ஊற்றி, இனிப்பைச் சமமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் அவள் என்ன சாப்பிட்டாள் என்பதே அவளுக்கு நினைவிருக்காது. ஆகவே கல்வியாண்டு தொடங்கியபின் தின்பண்டம் அனுப்புங்கள். வீட்டிலிருந்து வரும் தின்பண்டத்துக்கு அங்கே ‘பூடில்’ என்று பெயர்.

முறுக்கு போகும், ஆனால் தேன்குழல் பொடிப்பொடியாகத்தான் சேரும். தட்டையும் கடலை மிட்டாயும் கெட்டியாக நிற்கும். தகர டப்பாவில் அடுக்கி, இடைவெளியில் பாப்கார்னைத் திணித்தால் அதையும் தின்றுவிடுவார்கள். அடுப்பு வேண்டிய எதையும் அனுப்பாதீர்கள். அறைத்தோழிக்கும் சேர்த்து அனுப்புங்கள்; பூடில் ஒருவருக்கானதல்ல.

சங்கம் தேர்வுக்கு முன் மொத்தமாகப் பொட்டலம் போடும். டிசம்பரில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, வரிசையாக நடந்து ஒவ்வொரு பொருளாகப் பெட்டியில் இடுவோம். எங்கள் மாநிலத்து மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெற்றோர் உறுப்பினரோ இல்லையோ. இதில் நான் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. சந்தா கட்டாதவர் பிள்ளையைத் தபால் அறையில் வெறுங்கையோடு நிற்க வைக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை கிடையாது.

மகன் அழைத்து, விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறான். சங்கத்தின் வழியாக அவனுடைய அதிகாரியிடம் பேச முடியுமா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்)

முடியாது. முடிந்தாலும் செய்யக் கூடாது. இப்படிச் சொல்வது கடினமாக இருக்கும், மன்னியுங்கள். அவன் வயது வந்தவன். அவன் மதிப்பெண்ணும் விவகாரமும் அவனுடையவை. அவன் கம்பெனிக்கு, அதாவது அவன் இருக்கும் மாணவர் அணிக்கு, பொறுப்பான ‘டாக்’ அதிகாரி இருக்கிறார், மதகுருக்கள் இருக்கிறார்கள், மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அவனே போக வேண்டும். போகலாம், அதில் வெட்கமில்லை என்று சொல்வது உங்கள் வேலை.

சங்கம் செய்யக்கூடியது வேறு. இதே தொலைபேசி அழைப்பை வாங்கிய பெற்றோரிடம் உங்களைச் சேர்த்துவைக்கும். பெரும்பாலும் அவர்கள் முதலில் கேட்பது, “எந்தக் கிழமை அழைத்தான்?” என்பதுதான். ஞாயிறு மாலை அழைப்புக்கும் புதன் காலை அழைப்புக்கும் வேறுபாடு உண்டு. ஞாயிறு மாலை பாரத்தை உங்களிடம் இறக்கிவைத்துவிட்டு அவன் தூங்கியிருப்பான், நீங்கள் விழித்திருப்பீர்கள்.

உண்மையிலேயே விலக விரும்பினால், இரண்டு ஆண்டு முடிந்து மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்காரும்வரை ராணுவச் சேவைக் கடமை இல்லாமல் விலகலாம். அது தோல்வியல்ல. எங்கள் சங்கத்தில் மகள் விலகிய பிறகும் பொட்டலம் போட வந்த ஒரு தாய் இருக்கிறார்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. உயிரை மாய்த்துக்கொள்வதாக அவன் பேச்சில் ஒரு சொல் வந்தாலும், சங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அந்த நொடியே கல்விக்கழகத்தை அழையுங்கள். நெருக்கடி உதவிக்கு அமெரிக்கா முழுவதும் 988 என்ற எண் இருக்கிறது.

ஐஐடியில் சேர்த்திருக்கலாமே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். (ஒரு தந்தை, இல்லினாய்)

அமெரிக்காவின் முதல் பொறியியல் கல்லூரி வெஸ்ட் பாயின்ட் என்று சொல்லுங்கள். படித்து முடிக்கும் ஒவ்வொருவருக்கும் இளநிலை அறிவியல் பட்டம் உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. ஈடாக ஐந்தாண்டு முழுநேரச் சேவை. அதற்குமேல் அவர்களிடம் வாதிட வேண்டாம்.

பேத்தி அடுத்த ஆண்டு பட்டம் பெறுகிறாள். நானும் வரலாமா? எனக்கு ஆங்கிலம் தெரியாது. (ஒரு தாத்தா, மதுரை)

கட்டாயம் வாருங்கள், ஐயா. பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். ராணுவ வளாகம் என்பதால் நுழைவாயிலில் சரிபார்ப்பார்கள். மே மாத இறுதியில் மைக்கி மைதானத்தில் விழா நடக்கும். முடிந்ததும் தொப்பிகளை ஒன்றாக மேலே வீசுவார்கள். சிறுவர்கள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள். சில தொப்பிகளுக்குள் பணமும் இருக்கும். பிறகு தனியே பதவியேற்பு. தோளில் லெப்டினன்ட் பட்டையைக் குத்துவது குடும்பத்தாரின் உரிமை. அதை நீங்கள் செய்ய வேண்டும் என்று பேத்தியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அதன்பின் தனக்கு முதல் சல்யூட் வைக்கும் வீரருக்கு அவள் ஒரு வெள்ளி டாலர் கொடுப்பாள். அந்த நாணயத்தை நீங்கள் வாங்கித் தரலாம்.

மொழிக்குக் கவலை வேண்டாம். விழா நாளில் சங்கத்தின் பந்தலில் உங்களுக்கு நாற்காலியும் நிழலும் இருக்கும். அங்கே என் கணவரும் நானும் இருப்போம். இட்லி கொண்டுவருகிறோம்.