பார்டர் சுகர் வகுப்பு: சேர்ந்தவர்கள் பாதியில் நிற்காமல் இருக்க

பார்டர் சுகர் (சர்க்கரை நோய் வருவதற்கு முந்தைய நிலை) உள்ளவர்களுக்கு உணவு, நடைப்பயிற்சி வகுப்புகள் பல வருடமாக நடத்துகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

கேள்வி (கிராமப்புறச் செவிலியர்): முப்பது பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது வாரம் பதினோரு பேர்தான் வந்தார்கள். என்ன தவறு செய்தோம்?

பதில்: ஒருவர் முதல்முறை வராதபோது அந்த வாரமே போன் செய்தீர்களா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு வாரம் விட்டவருக்கு அடுத்த வாரம் வர ஆசை இருக்கும். இரண்டு வாரம் விட்டால் கூச்சம் வந்துவிடும். எங்கள் குழுவில் ஓர் அம்மா மூன்று வாரம் வரவில்லை. விசாரித்தால், மகள் வளைகாப்பில் இனிப்பு சாப்பிட்டாராம். "எடை ஏறியிருக்கும், எல்லார் முன்னாலும் எப்படி மெஷினில் ஏறுவது?" என்றார். அன்றே எடை மெஷினைத் தனி அறைக்கு மாற்றினேன். இப்போது அவரவர் எடை அவரவருக்கு மட்டும்தான் தெரியும். போனிலும் "ஏன் வரலை?" என்று ஆரம்பிக்காதீர்கள், வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேளுங்கள். காரணம் தானாக வரும்.

ஒவ்வொரு வகுப்பும் கணக்கில் சேர்கிறது. அமெரிக்காவின் தேசியச் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டத்தில் 14,747 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, கூடுதலாக வந்த ஒவ்வொரு வகுப்புக்கும் உடல் எடையில் சுமார் 0.3% அதிகம் குறைந்திருந்தது.

கேள்வி (ஆலைத் தொழிலாளி): ஷிஃப்ட் வேலை. வகுப்புக்கு வர முடியாது. எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. தொடக்கத்தில் எல்லாருக்கும் நேரில் ஆலோசனை தந்தார்கள். பிறகு ஒரு பாதிப் பேருக்கு மட்டும் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் சர்க்கரை நோய் வந்தது அவர்களில் 18% பேருக்கு, மற்றவர்களில் 27% பேருக்கு. ஒரு முறை நேரில் வந்துவிடுங்கள், மிச்சத்தைப் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (இல்லத்தரசி): எனக்கென்று தனியாகச் சமைக்க அலுப்பாக இருக்கிறது.

பதில்: தனிச் சமையல் வேண்டாம், அது ஒரு மாதம்கூடத் தாங்காது. அதே சாம்பார், அதே பொரியல். உங்கள் தட்டில் பொரியலை இரண்டு மடங்கு வைத்துவிட்டு, அப்புறம் சாதத்தைப் போடுங்கள். வகுப்பு நடத்துபவர்களுக்கும் ஒன்று: ஆண்கள் சேர்ந்தால், அவர்கள் வீட்டில் சமைப்பவரையும் இரண்டு வகுப்புக்காவது கூப்பிடுங்கள்.

கேள்வி (தன்னார்வலர்): பரிசு கொடுத்தால் வருவார்களா?

பதில்: கொஞ்ச நாள் வருவார்கள். அந்தப் பணத்தைப் போன் செய்கிற ஆளுக்குக் கொடுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஆறு மாதம் நடந்தும் எடை இறங்கவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: ஐயா, தயவுசெய்து விடாதீர்கள். பலரும் நிற்பது இந்த இடத்தில்தான். சென்னையில் 531 பேரை மூன்று வருடம் கவனித்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55% பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களில் 39.3% பேருக்கு. மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. இதை முதல் வகுப்பிலேயே நான் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எடை மெஷினை விடுங்கள், கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?