ஓவடோனா வங்கிக்கு ஆர்ட் டெகோ வேண்டாம்

செமினாருக்கு மினசோட்டா மாநிலத்து ஓவடோனா ஊர்ச் சதுக்கத்தில் உள்ள பழைய செங்கல் வங்கியை எடுத்திருக்கிறீர்கள். அதன் கட்டடப் பாணியை ஆர்ட் டெகோ (வடிவியல் அலங்காரம் மிகுந்த பாணி) என்று போடலாமா என்கிறீர்கள். வேண்டாம், ஆண்டே இடிக்கும். கட்டி முடிந்தது 1908இல். ஆர்ட் டெகோவின் காலம் 1920கள். பிரெய்ரி பாணி (அமெரிக்க மத்திய மேற்கில் அந்தக் காலத்தில் வளர்ந்த கட்டடப் பாணி) என்று எழுதுங்கள். வடிவமைத்தவர் லூயிஸ் சல்லிவன். அலங்கார வேலையில் அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கை நிறைய உண்டு, எல்ம்ஸ்லி பெயரை விட்டுவிடாதீர்கள் (பலரும் விட்டுவிடுகிறார்கள்).

தூண் ஏன் இல்லை என்ற கேள்விக்கு: அந்தக் காலத்து வங்கிகள் தூண் வைத்துக் கிரேக்கக் கோயில் வேஷம் கட்டின. வங்கியை நடத்திய கார்ல் பென்னட்டுக்கு அது பிடிக்கவில்லை, சல்லிவனைத் தேடிப் போனார்.

அடியில் செம்மணற்கல், அதன்மேல் செங்கல் பெட்டி, தெருவைப் பார்த்த இரு முகங்களிலும் பெரிய வளைவு, உள்ளே வண்ணக் கண்ணாடி. படத்தைப் பெரிதாக்கிச் செங்கலைப் பாருங்கள். ஒரே சிவப்பாக இருக்காது. பல சாயல்கள் கலந்து, தள்ளி நின்றால் நெய்த துணிபோல் தெரியும். பச்சைச் சுடுமண் அலங்காரம் எடுப்பாகத் தெரிவதே அதனால்தான். எனக்கு வளைவைவிடச் செங்கல்தான் பிடிக்கும்.

ஒட்டியுள்ள கடை, அலுவலகப் பகுதியும் அதே திட்டத்தில் வந்ததுதான். வரைபடத்தில் வெட்டிவிடாதீர்கள்.