டி.என்.ஏ. கிட் அப்புறம், முதலில் ஊர்ப் பேர்

கேள்வி: பாஸ்டனில் இருக்கிறேன். கணவர் அமெரிக்கர், ஐரிஷ் வம்சாவளி, குடும்பப் பெயர் மர்ஃபி. மாமனாருக்கு வரும் மார்ச்சில் 75 வயது நிறைகிறது. அவருடைய தாத்தா 1903 வாக்கில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தார் என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். பூர்வீகத்தைக் கண்டுபிடித்துப் பரிசாகக் கொடுக்க ஆசை. எச்சிலை அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் 100 டாலர் டி.என்.ஏ. கிட் வாங்கலாமா? எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: வாங்கலாம், ஆனால் கடைசியாக. அதற்கு முன் காசில்லாமல் முடிகிற வேலை நிறைய இருக்கிறது.

மர்ஃபி என்ற பெயரை வைத்துக்கொண்டு மட்டும் தேடுவது, முருகன் என்ற பெயரை வைத்துக்கொண்டு மதுரையில் ஆள் தேடுவது மாதிரி. அயர்லாந்தின் 1890ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளை வைத்து, பதிவுத் துறை அதிகாரி ராபர்ட் மேத்சன் தயாரித்த குடும்பப் பெயர் அறிக்கையிலேயே அதுதான் முதலிடம். வெக்ஸ்ஃபோர்டு மர்ஃபிக்கும் டைரோன் மர்ஃபிக்கும் ரத்த சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. ஐரிஷ் மொழியில் ஒரு குடும்பம் ஓ முர்ஹதா, இன்னொன்று மக் முர்ஹதா. ‘மக்’ என்றால் மகன், ‘ஓ’ என்றால் பேரன். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த முன்னொட்டுகள் உதிர்ந்து, இரண்டும் ஒரே மர்ஃபி ஆகிவிட்டன. கேவன் பக்கம் ‘கொல்லன் மகன்’ என்று பொருள்படும் மக் கவன் குடும்பங்கள் பல, பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஸ்மித் என்றே ஆகிப்போயின.

ஆகவே தேட வேண்டியது ஊர். அதிலும் டவுன்லேண்ட் என்கிற மிகச் சிறிய நிலப் பிரிவு. நம்மூர்ப் பட்டி, குடிக்காடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்து முழுவதும் 60,000க்கும் மேல் இருக்கின்றன. அது தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்தப் பேர் அயர்லாந்தில் கிடைப்பதற்கு முன் பாஸ்டனிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். தாத்தாவின் குடியுரிமை மனு (1906க்குப் பிந்தையது என்றால் பிறந்த இடம் இருக்கும்), சர்ச் கல்யாணப் பதிவு, பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பு, கல்லறைக் கல். இவற்றையெல்லாம் பாருங்கள். மாமனாரிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பழைய பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

பிறகு அயர்லாந்துப் பதிவுகள். “எல்லாம் 1922 தீயில் போச்சு” என்று யாராவது சொல்வார்கள். உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் அங்கேதான் சாம்பலாயின. 1861, 1871 தாள்களை அதற்கு வெகுகாலம் முன்பே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. ஆனால் 1901, 1911 கணக்கெடுப்புகள் பத்திரமாக இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் வீட்டுக்கு வீடு மூலப் படிவத்தையே இலவசமாகப் பார்க்கலாம். 1903இல் கிளம்பியவர் 1901இல் வீட்டில் இருந்திருப்பாரே!

1911 படிவத்தையும் திறந்து பாருங்கள். குடும்பத் தலைவரின் கையெழுத்து, யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், யார் ஐரிஷ் பேசுவார்கள் எல்லாம் இருக்கும். கல்யாணமான பெண்களிடம் மட்டும் ஒரு கேள்வி: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. ‘9’, பக்கத்தில் ‘6’ என்று எழுதியிருக்கும் வரியைப் பார்த்தால் சற்று நேரம் அடுத்த பக்கம் போக மனம் வராது.

வயதை மட்டும் நம்பாதீர்கள். 1901இல் 57 என்று சொன்னவர் 1911இல் 71 ஆகியிருப்பார்! காரணம், 1908 சட்டப்படி 70 வயதுக்காரர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. பிறப்புப் பதிவு எல்லோருக்கும் தொடங்கியதோ 1864இல்தான். எனவே முதியவர்கள் பலர் வயதை நிரூபிக்க 1841, 1851 கணக்கெடுப்புகளில் தங்கள் வீட்டைத் தேடித் தரச் சொல்லி விண்ணப்பித்தார்கள். மூலம் எரிந்தாலும் அந்தத் தேடல் படிவங்கள் தப்பிவிட்டன.

அடுத்து அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் தாத்தாவின் பிறப்புப் பதிவு. அவர் பெற்றோரின் கல்யாணப் பதிவு. அதில் இரு வீட்டுத் தகப்பன்மாரின் பெயரும் இருக்கும். 1880க்கு முந்தைய கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவுகளை தேசிய நூலகம் படமாகவே போட்டிருக்கிறது. ஜேம்ஸ் அங்கே லத்தீனில் யாகோபுஸ் என்று இருந்தால் திகைக்க வேண்டாம். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வழக்கமாகவே எழுதப்பட்டிருப்பது பெரிய வரம். இதற்கும் மேலே போக யார் கையில் எந்த நிலம் இருந்தது என்று வரிக்காகக் கணக்கெடுத்த கிரிஃபித் நில மதிப்பீடு (1847–1864) இருக்கிறது. இன்னொரு துப்பு: மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர் வைப்பது அங்கும் பழைய வழக்கம். பேரன் என்றால் பெயர் தாங்குபவன் என்பது நமக்குப் புதிதா என்ன?

சரி, இப்போது கிட். கணவருக்கு அல்ல, மாமனாருக்கே எடுங்கள். ஒரு தலைமுறை மேலே இருப்பவரிடம் முன்னோரின் டி.என்.ஏ. இரண்டு மடங்கு இருக்கும். ‘அயர்லாந்து 84 சதவீதம்’ என்று வண்ண வரைபடம் வரும். ஃப்ரேம் போட்டு மாட்டிவிடாதீர்கள். கம்பெனி தன் ஒப்பீட்டுத் தொகுப்பைப் புதுப்பித்தால் அந்த எண்ணும் மாறும். உங்களுக்கு வேண்டியது அதன் கீழே உள்ள உறவினர் பட்டியல். மூன்றுவிட்ட சொந்தம் ஒருவர் அயர்லாந்தின் கார்க் பக்கம் இருந்து, அவருடைய குடும்ப மரத்தில் அதே டவுன்லேண்ட் இருந்தால் அதுதான் லாபம். ஆகவே அதிகம் பேர் சேர்ந்திருக்கும் தொகுப்பு வேண்டும். அந்த வகையில் ஆன்செஸ்ட்ரி என்ற கம்பெனி முன்னால் நிற்கிறது. கிட்டோடு ஒட்டி வரும் ‘இலவச’ சந்தாவை மறந்துவிட்டால் கார்டில் பணம் போய்க்கொண்டே இருக்கும். வாங்கிய அன்றே ரத்து செய்யும் தேதியை போனில் குறித்துவையுங்கள். கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் வாங்குங்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் நாள் தள்ளுபடி உங்களுக்கு உதவாது.

மாமனாரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். யாரும் வாய் திறக்காத அண்ணன் தம்பி உறவுகள் இந்தப் பட்டியலில் திடீரென்று முளைப்பதுண்டு. அதோடு, இதே பரிசோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. முடிவுகளை இறக்கிக்கொண்ட பிறகு, எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

ஒரு கொசுறு: தாத்தா அயர்லாந்து மண்ணில் பிறந்தவர் என்பதற்குச் சான்றிதழ்கள் சேர்ந்துவிட்டால், மாமனார் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேடு வழியாக ஐரிஷ் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 278 யூரோ. உங்கள் கணவருக்கு இந்த வழி இல்லை. அவர் பிறக்கும் முன்பே அப்பா பதிவு செய்திருக்க வேண்டும்.

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன். கெல்லி என்ற ஐரிஷ் நண்பரின் கல்யாணத்துக்கு ‘கெல்லி குடும்ப முத்திரை’ ஃப்ரேம் 90 யூரோவுக்குப் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: சுவருக்கு அழகு என்றால் வாங்குங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. முத்திரைச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது; அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் பொது அல்ல. அங்கே அதை வழங்குபவர் தேசிய நூலகத்தோடு இணைந்த தலைமை முத்திரை அதிகாரி. ‘நயல் மன்னரின் வாரிசு’ (அயர்லாந்தின் பழங்கதை மன்னர்) என்று டி.என்.ஏ. சான்றிதழ் விற்பவர்களிடமும் இதே ஜாக்கிரதை வேண்டும். அந்த மரபணுக் குறி வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு இருப்பதாக 2006இல் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்களே எழுதினார்கள். ஐந்தில் ஒருவருக்கு இருப்பதற்கு ஃப்ரேம் எதற்கு?

கேள்வி: பெரம்பூர். ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். அப்பா வழி எள்ளுத்தாத்தா மதராஸ் ஐரோப்பியப் படையில் இருந்த ஐரிஷ்காரர் என்பார்கள். பரிசோதனை செய்தால் நிரூபணமாகுமா? பாஸ்போர்ட் கிடைக்குமா?

பதில்: பாஸ்போர்ட் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். எள்ளுத்தாத்தா வரை சட்டம் போகாது, டி.என்.ஏ. சதவீதத்துக்கும் குடியுரிமைக்கும் சம்பந்தம் கிடையாது.

ஆனால் வீட்டுப் பேச்சில் நியாயம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு அயர்லாந்தில் ஏராளமாக ஆளெடுத்தார்கள். அந்த மதராஸ் படைப்பிரிவே 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் ஒரு பகுதியாகிவிட்டது. சாதாரண பரிசோதனையில் எள்ளுத்தாத்தாவின் பங்கு சராசரியாக 6 சதவீதம்தான். குடும்பப் பெயர் ஆண் வழியாகவே இறங்கி வந்திருப்பதால், ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும், விலை கூடிய ‘ஒய்’ பரிசோதனை அர்த்தமுள்ளதாகும் அபூர்வமான ஆள் நீங்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு அது ஏறக்குறைய மாறாமல் வரும்.

அதற்கும் முன்னால் காகிதம். மதராஸ் மாகாண ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் 1698 முதல் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். அடுத்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளெடுப்புப் பதிவேடு. அதில் சிப்பாயின் உயரம், பழைய தொழில், பிறந்த இடம் எழுதியிருப்பார்கள். கிடைத்தால், கிட் வாங்கும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.