சீவாளி, கெட்டிமேளம், மல்லாரி: வாசகர் கேள்விகளுக்கு நாதஸ்வரக் கலைஞர் பதில்கள்

வீட்டில் சாதகம் செய்யும்போது சுருதி நன்றாகச் சேர்கிறது. ஏ.சி. மண்டபத்தில் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் சுருதிப் பெட்டியோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளியை மாற்ற வேண்டுமா?
- இளம் கலைஞர், மயிலாடுதுறை

மாற்ற வேண்டாம். உலவுக்குள், அதாவது நாதஸ்வரத்தின் நீண்ட மரக்குழாய்க்குள், காற்று குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும். ஊத ஊத மூச்சுச் சூட்டில் ஏறும். உறையிலிருந்து எடுத்த கையோடு சுருதி பார்ப்பதுதான் தவறு. பத்து நிமிடம் ஷட்ஜமும் பஞ்சமமும் கார்வை கொடுத்து (நீட்டிப் பிடித்து) ஊதிவிட்டுப் பெட்டியோடு சேருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் சீவாளியை, அது செருகியிருக்கும் சிறு உலோகக் குழாயான கெண்டையில் இம்மியளவு உள்ளே தள்ளுங்கள். ஏறியிருந்தால் வெளியே இழுங்கள். கெண்டையில் சுற்றிய நூலையும் பாருங்கள். அது தளர்ந்து காற்று கசிந்தால் மேல் ஸ்தாயி நிற்காது.

குளிர்காற்று சீவாளியைச் சீக்கிரம் உலர்த்திவிடும். உலர்ந்தால் விறைக்கும், பிசிறு தட்டும். கூட வாசிப்பவர் ஆலாபனையை எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொள்ளுங்கள். அதன் வாய் அதிகம் விரிந்திருந்தால் மூச்சு கூடுதலாகச் செலவாகும், நாதம் கரகரக்கும். இரு விரலால் மெல்ல அமுக்கினால் போதும். மூடிக்கொண்டால் குரல் மெலிந்து அடைக்கும். வாத்தியத்தோடு தொங்கும் ஊசியை நுழைத்து விரிக்கலாம். ஆனால் நன்றாக ஈரமான பிறகே ஊசி போட வேண்டும். உலர்ந்த சீவாளியில் போட்டால் ஓரம் கீறும், கீறியது கீறியதுதான். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்காமல் ஊதாதீர்கள். ஒரு சோற்றுத் துணுக்கு உள்ளே ஒட்டினாலே நாதம் கெடும். திருவாவடுதுறைச் சீவாளியே வாங்கினாலும் புதிதை நேராகக் கச்சேரிக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் ஊதிப் பழக்கிய மூன்று நான்கு எப்போதும் கயிற்றில் தொங்கட்டும்.

மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். உறவினர் வீட்டில் தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்டது. அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?
- வாசகி, திருச்சி

மேளக்காரர்களுக்கு மணவறை தெரிய வேண்டும். இப்போது தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர், விளக்குப் பிடிப்பவர், செல்போனை உயர்த்திய உறவினர் என்று ஒரு சுவரே எழும்பிவிடுகிறது. தவில்காரருக்கு மாப்பிள்ளையின் கை தெரிவதில்லை.

மேள செட் உட்காரும் இடத்தை மணவறைக்குப் பக்கவாட்டில் ஒதுக்குங்கள். இரு பக்கமும் பார்க்க முடிகிற இடத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரை நிறுத்துங்கள். முகூர்த்தத்துக்கு முன்பே அவரைத் தவில்காரருக்கு அறிமுகம் செய்யுங்கள். அவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினால்தான் கெட்டிமேளம். நாலு பேர் நாலு பக்கம் கத்தினால் குழப்பமே மிஞ்சும். இன்னொன்று: புகைப்படத்துக்காக மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி நிற்கும்போது சைகை காட்டக்கூடாது. தாலி கழுத்தருகே போகும்போது காட்ட வேண்டும். மூன்றாவது முடிச்சு விழும்வரை வேகம் குறையாமல் அடிக்க வேண்டியிருப்பதால், வீணாக அரை நிமிடம் முன்னதாகத் தொடங்கினால் தவில்காரரின் கைதான் தவிக்கும். தும்மல், அழுகை, அமங்கலச் சொல் எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட மேளம் அது. பிந்தினால் அதன் நோக்கமே போய்விடும்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்குச் சினிமாப் பாட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். சரியா?
- வாசகர், மன்னார்குடி

புறப்பாட்டின் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி வாசிப்பது மரபு. அதற்குச் சாகித்யம் (பாடல் வரிகள்) கிடையாது, தவில் முதலில் இடத்தைப் பிடிக்கும், பிறகு நாதஸ்வரம் அதே அமைப்பைக் காலம் (வேகம்) மாற்றி வாசிக்கும். தெருவில் நிற்பவர் கண்ணால் பார்க்காமலே கோயிலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்: அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வந்தால் தீர்த்த மல்லாரி, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வந்தால் தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. இந்த அடையாளம் எந்தப் பாட்டிலும் கிடைக்காது. வீதியில் மல்லாரி, ராக ஆலாபனை, கீர்த்தனை எல்லாம் முடிந்து சுவாமி நிலைக்குத் திரும்பும் வழியில் மக்கள் விரும்பும் பக்திப் பாடல்கள் வாசிப்பதில் குற்றமில்லை.

மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு மைக் எங்கே வைப்பது?
- ஒலிபெருக்கி வைப்பவர், காரைக்குடி

நாதஸ்வரத்தின் விரிந்த கீழ்முனையான அணசின் வாய்க்கு நேரே ஒட்டி வைக்காதீர்கள். ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. ஒன்றரை, இரண்டடி தள்ளி, அணசுக்கும் கீழ்த் துளைகளுக்கும் நடுவே பார்த்து வையுங்கள். ஒட்டி வைத்தால் சில ஸ்வரங்கள் மட்டும் அலறும். முந்நூறு பேர் உட்காரும் கூடம் என்றால் மைக்கே தேவையில்லை. திறந்த வெளிக்காக உருவான வாத்தியம் இது. தவிலுக்கு மைக் வைத்துக் கூட்டுவது சின்ன மண்டபத்தில் வந்தவர்கள் பேசிக்கொள்ள முடியாதபடி செய்துவிடும்.

மகனுக்குப் பன்னிரண்டு வயது. தவிலா, நாதஸ்வரமா என்று முடிவாகவில்லை. எங்கே சேர்க்கலாம்?
- வாசகர், விழுப்புரம்

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் இரண்டுமே மூன்றாண்டுப் படிப்பாக இருக்கின்றன. சேர்க்கும் முன் இரண்டையும் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பெரிய பாரி நாதஸ்வரத்தின் துளைகளுக்கு விரல் எட்டாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், குட்டையான திமிரியில் தொடங்கலாம். தவிலுக்கு முதல் ஆண்டு முழுக்கத் தாளச் சொற்களான சொற்கட்டுகளை வாயால் சொல்லித் தாளம் போடுவதுதான் அடித்தளம். இதில் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள்.