படிக்கும் ஊருக்கு அம்மா அப்பா வந்தால் எங்கே கூட்டிப் போவது?

ஜெர்மனியில் முதுகலை படிக்கிறீர்கள், அம்மாவும் அப்பாவும் முதல்முறையாக மூன்று வாரம் வருகிறார்கள், எங்கெல்லாம் கூட்டிப் போகலாம், எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே 21 இடங்களின் பட்டியல் ஒன்றும் போட்டிருக்கிறீர்கள். முதலில் அதைப் பாதியாக வெட்டுங்கள். வெட்டியதை மறுபடியும் பாதியாக வெட்டுங்கள்.

நானும் அப்படித்தான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். 2024 ஜூன். அப்போது ஜெர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள ஆகன் நகரில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பவானியிலிருந்து வந்தார்கள். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு இடது முழங்கால் வலி உண்டு. இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானம். என் விடுதியில் விருந்தினர் மூன்று இரவுக்கு மேல் தங்கக்கூடாது என்பதால், அந்த மாதம் ஊருக்குப் போயிருந்த ஒரு சீனியரின் வீட்டை உள்வாடகைக்கு எடுத்தேன்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு இப்போது கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். நமக்குச் சம்பளம் இல்லாததால் செலவுக்குப் பொறுப்பேற்று நாம் கையெழுத்துப் போடுவது கடினம். அப்பா தன் ஓய்வூதியத்தையும் வைப்புத்தொகையையும் காட்டித்தான் விண்ணப்பித்தார், நான் அழைப்புக் கடிதம் மட்டும் கொடுத்தேன். அவ்வளவுதான்.

இனி நான் செய்த தப்பு. மூன்றாம் நாளே பாரிஸ். ஆகனிலிருந்து நேரடி ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், காலையில் போய் இரவு திரும்பலாம் என்று கணக்கு. பாரிஸ் மெட்ரோவில் பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் நண்பர்களோடு அதே நிலையங்களில் ஏறி இறங்கியிருந்தேன், ஒரு படி கூட என் கண்ணில் பட்டதில்லை. இந்தத் தடவை படிகளைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினார். பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடுவதற்காக நடுநடுவே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

மதியம் த்ரொகாதேரோ தோட்டத்தில் ஒரு பெஞ்சு கிடைத்தது. எதிரே ஈஃபில் கோபுரம். இரண்டு மணிக்கு லூவர் அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்திருந்தேன். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க கண்ணு, நான் இங்கயே உக்காந்திருக்கறேன்" என்றார் அம்மா. யாரும் போகவில்லை. கட்டிக் கொண்டுபோன புளிசாதத்தை அங்கேயே பிரித்தோம். ஐரோப்பாவில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூவரில் இலவசம் என்பதால் எனக்குக் காசு இல்லை. அவர்கள் இருவருக்கும் ஆளுக்கு 22 யூரோ வீதம் 44 யூரோ போனது. அப்பாவிடம் மூன்று பேருக்குமே இலவசம் என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி உண்டு. எல்லாச் செலவும் அதில் ஏறும், பக்கத்திலேயே ரூபாயும் ஏறும்.

அன்று இரவு ரயிலில் என் எக்செல் பட்டியலைத் திறந்து புதிதாக மூன்று பத்தி சேர்த்தேன்: லிஃப்ட், பெஞ்சு, கழிப்பறை. இந்த மூன்றும் இல்லாத இடம் எதுவானாலும் அடித்துவிட்டேன். (கழிப்பறைக்கு அரை யூரோ, ஒரு யூரோ நாணயங்கள் எப்போதும் கையில் இருக்கட்டும். பையில் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

பயணத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் போதும். அப்போது மாதம் 49 யூரோ, 2025-இல் 58 ஆனது, 2026-இல் 63. அதிவேக ரயில்களில் செல்லாது, வட்டார ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் செல்லும். அது மாதச் சந்தா என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் கணக்கில் பணம் பிடிப்பார்கள்.

ஜூனில் வருவதில் ஒரு வசதி, இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். பதினொரு மணிக்கு நிதானமாகக் கிளம்பினாலும் முழு நாள் மிச்சம். ஆனால் அம்மாவுக்கு இது வேறு விதமான சிக்கலாகிவிட்டது. "வெளிச்சம் போகவே மாட்டீங்குதே, விளக்கு எப்பத்தான் வெக்கறது?" என்று முதல் இரண்டு நாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கைப்பேசியில் இந்திய நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தார். பவானியில் மாலை ஆறரை என்றால் ஆகனில் மதியம் மூன்று. வீட்டில் இருந்த நாள்களில் சரியாக மூன்று மணிக்கு விளக்கேற்றினார்.

ஆகனிலேயே பாதி நாள்கள் போயின, அதில் எனக்கு வருத்தமில்லை. 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்களுக்கு முடிசூட்டிய பேராலயம் அங்கே இருக்கிறது. 1978-இல் யுனெஸ்கோ போட்ட முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. அதைவிட அப்பாவுக்குப் பிடித்தது பக்கத்திலுள்ள எலிசன்புருனன் வெந்நீர் ஊற்று. கந்தக நாற்றம் தெருமுனைக்கே வரும். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அப்பா கையில் பிடித்து முழங்கை வரை தடவி, "இதுல வாரம் ரெண்டு நாள் காலை வெச்சா உன்ற முட்டி வலி போயிரும்" என்றார். இன்னொரு நாள் பேருந்தில் வால்ஸ் போய், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் முனையைப் பார்த்தோம். எல்லையில் யாரும் எதுவும் கேட்கவில்லை, இருந்தாலும் பாஸ்போர்ட் கையில் இருப்பது நல்லது. கல்லைச் சுற்றி மூன்று நாட்டிலும் கால் வைத்துவிட்டு அம்மா கேட்ட ஒரே கேள்வி, "இதுல எந்த நாட்டுல தக்காளி விலை கம்மி?"

கோப்லென்ஸைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசல் ஆறு ரைனில் கலக்கும் முனை அது. ஆற்றங்கரை முழுக்க சமதளம், நிழல், பெஞ்சு. 2011 தோட்டக்கண்காட்சிக்காகப் போட்ட ரோப்கார் ஒன்று ரைனைத் தாண்டி மலைக்கோட்டைக்குக் கொண்டுபோகிறது, முட்டிக்கு வேலையே இல்லை. கூடுதுறைக்காரரான அப்பா முனையில் நின்று இரண்டு தண்ணீரின் நிறத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார். காவிரியும் பவானியும் சேருமிடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அமுதநதியும் சேருகிறது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. "இங்க மூணாவது ஆறு எது தம்பி?" என்றார். இல்லை என்றேன். "கண்ணுக்குத் தெரியாதுன்னா இல்லைன்னு ஆயிருமா?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் படித்துறை இருக்கிறதா என்று தேடப் போனார்.

கொலோனுக்கு ஜூன் 19 அன்று போனோம். ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அன்று மாலை ஸ்காட்லாந்து ஆட்டம் அதே ஊரில் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பேராலயம், நடுவில் கட்டம் போட்ட கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் பாவாடை மாதிரியான உடை) கட்டிய ஆயிரக்கணக்கான ஆண்கள். பேராலயத்தின் உயரம் 157 மீட்டர், 1248-இல் தொடங்கி நடுவில் நூற்றாண்டுக்கணக்கில் நின்றுபோய் 1880-இல்தான் முடித்தார்கள் என்று நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதையெல்லாம் ஒப்பித்தேன். "632 வருசமா? நம்மூரு மேம்பாலம் தேவலாம்" என்றார் அப்பா. ஆனால் அவர் பார்வை கோபுரத்தில் இல்லை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், முழங்கால் தெரிய கில்ட்டோடு, படியில் காலை நீட்டி உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க இத்தனை பேரு இப்படிச் சுத்தறாங்க. நான் பெட்டிக்குள்ள வேட்டிய வெச்சுப் பூட்டிட்டு பேண்ட்ட மாட்டிட்டுத் திரியறேன்."

அடுத்த சனிக்கிழமை ஹாம் கோவிலுக்குப் போனபோது வேட்டியில் வந்தார். ஆகனிலிருந்து ஹாம் வரை ஒரே வட்டார ரயில், மாற வேண்டியதில்லை, மூன்று மணி நேரம் பிடிக்கும். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைப் பக்கம், ஈழத்தமிழர்கள் கட்டி 2002-இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோவில். 17 மீட்டர் ராஜகோபுரம். பூசை நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள், நடை சாத்தியிருந்தால் அவ்வளவு தூரமும் வீண். அம்மாவிடம் ஒரு பெண்மணி வந்து "நீங்கள் இந்தியாவோ?" என்று ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் போனது. எண்பதுகளில் கையில் ஒரு பையோடு வந்த கதையை அவர் சொல்ல, அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். திரும்பும் வழியில் எசன் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த அம்மாவுக்கும் முட்டி வலிதானாம்" என்றார்.

கடைசியாக பாட்டில் விவகாரம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்று எவ்வளவு சொல்லியும் அப்பா கேட்கவில்லை, பாட்டில்தான் வாங்கினார். வந்த முதல் நாள் குடித்து முடித்ததும், நம் ஊர் பாட்டில்களில் அச்சடித்திருப்பார்களே, அந்தப் பழக்கத்தில் நசுக்கிவிட்டார். இங்கே பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு, கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு என்று சொன்னேன். "நீலகிரில டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபா திருப்பித் தர்றாங்களே, அது மாதிரியா?" என்றார். அதேதான். நசுங்கியதை இயந்திரம் துப்பிவிட்டது. வாயால் ஊதி நிமிர்த்தி மறுபடி போட்டார், மறுபடியும் துப்பியது.

அதன்பின் காலி பாட்டில்கள் சமையலறை மூலையில் வரிசையாக நின்றன. கொலோனில் ஒரு பெரியவர் குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டு பாட்டில் எடுப்பதைப் பார்த்து விவரம் கேட்டார். இதை வைத்துச் செலவைச் சமாளிக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அதனால் சிலர் தொட்டிக்குள் போடாமல் வெளியே வைத்துவிட்டுப் போவார்கள் என்றேன். வெளியில் குடித்த பாட்டில்களை அன்றிலிருந்து அவரும் தொட்டி ஓரமாக நிற்க வைத்தார். வீட்டில் குடித்தவை மட்டும் மூலைக்கு.

ஊருக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில் டைரியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். 4 யூரோ 75 சென்ட்.

"பத்தொம்பது பாட்டிலு. இருவது வந்திருக்கோணும், ஒண்ண நசுக்கிப்போட்டேன்" என்றார்.