வாங்கும் முன்: கோரைக்கு எந்த மருந்து நல்லது?

மழை விட்டால் போதும், தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு எழுதுகிறார்கள். சேர்ந்துபோன கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி, இந்த வாரம் முழுவதும் களைக்கே கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் தோட்டம். கத்தரி, வெண்டை, நாலு வாழை. கோரை பிடுங்கப் பிடுங்க வருகிறது. நல்ல களைக்கொல்லி ஒன்றின் பெயர் சொல்லுங்கள், போதும். (வாசகி, திண்டுக்கல்)

பெயர் சொல்வது எளிது. கோரையை மட்டும் கொன்று கத்தரியையும் வெண்டையையும் தொடாமல் விடுகிற மருந்து உங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

கோரை பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் புல் இனம் இல்லை. மண்ணுக்குள் கிழங்கு கிழங்காக, நூல் கோத்த மணி போலத் தொடர்ந்து கிடக்கும். மேலே இருப்பதைப் பிடுங்கினால் நூல் அறுந்து, கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பக்கத்துக் கிழங்குகளும் முளைக்க ஆரம்பிக்கும். நீங்கள் பிடுங்கியது வீண்போகவில்லை, பாதிதான் ஆகியிருக்கிறது.

கடையில் கேட்டால் கிளைபோசேட்டை எடுத்து நீட்டுவார்கள். அது இலை வழியாக இறங்கி வேர்வரை போகும், உண்மை. ஆனால் பச்சையாக இருக்கிற எதன்மேல் பட்டாலும் அதையும் கொல்லும். கத்தரிச் செடிகளுக்கு நடுவே அதைத் தெளிக்கக் காற்றே இல்லாத நேரம் வேண்டும். போதாததற்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் வழியாக மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற வரிசையில் வைத்தது. சாப்பிடுகிற காய்க்கு நடுவில் அது வேண்டாம் என்பது என் முடிவு.

கோரைக்கென்றே ஹாலோசல்ஃபியூரான் மெத்தில் என்று ஒரு மருந்து உண்டு. கரும்புக்காரர்கள் அடிக்கிறார்கள். ஏக்கருக்கு 36 கிராம். உங்கள் இரண்டு சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் முக்கால் கிராம்கூட வராது. அதை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்? கண்ணளவில் போட்டால் பத்து மடங்கு விழும்.

ஆகவே காசை மருந்துக்குக் கொடுக்காமல் ஒரு நாள் கூலிக்குக் கொடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது ஒரு முழ ஆழத்துக்குக் கொத்திக் கிழங்கோடு அள்ளி, வெயிலில் சிமென்ட் தரையில் பரப்பிக் காயவிடுங்கள். சுருங்கிக் காய்ந்த கிழங்கு மறுபடி முளைக்காது. எருக்குழியில் மட்டும் போடாதீர்கள். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தலைகாட்டுகிறதை எடுத்துக்கொண்டே இருங்கள். புதுக் கிழங்கு கட்ட விடக்கூடாது. காலியாக இருக்கிற இடத்தில் தட்டைப்பயறோ சர்க்கரைவள்ளியோ போட்டு மண்ணை மூடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. ஒரே பருவத்தில் ஒழியும் என்று சொல்லமாட்டேன். இரண்டு பருவத்தில் உங்கள் கைக்கு அடங்கும்.

வினிகர், உப்பு, பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர் கலந்து அடித்தால் களை போய்விடும் என்கிறார்களே? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

சமையல் வினிகர் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. உப்பு மண்ணிலேயே தங்கும். களை திரும்பி வரும், உங்கள் கீரை வராது. வாசலில் பேவர் பிளாக் இடுக்கில் முளைப்பதற்காகக் கேட்டிருந்தால், சாதம் வடித்த கொதிக்கிற கஞ்சித் தண்ணீரையோ வெந்நீரையோ ஊற்றுங்கள். காசு செலவில்லை. காலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளைபோசேட் வாங்கி அடித்தேன். மூன்று நாளாகியும் புல் பச்சையாகவே நிற்கிறது. மூன்று மடங்கு கூட்டி மறுபடி அடித்தேன். இலை மட்டும் கருகி, பத்து நாளில் அடியிலிருந்து துளிர்த்துவிட்டது. போலி மருந்து விற்ற கடைமீது புகார் கொடுக்கலாமா? (வாசகர், தாம்பரம்)

உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில், பக்கத்துக் குட்டைத் தண்ணீரில் கலந்ததாகவும், முந்தின நாள்தான் புல்லை வெட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாட்டிலோடு வந்த துண்டுப் பிரசுரத்தைப் பிரிக்கவே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிறகு கடைக்காரர்மேல் எதற்குப் புகார்?

அந்த மருந்து வேலை காட்ட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். கலங்கல் தண்ணீரில் இருக்கிற களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில், அதாவது நம் போர்வெல் தண்ணீரில், சுண்ணாம்புச் சத்து அதை மழுங்கடிக்கும். வெட்டிய புல்லில் மருந்தை வாங்கிக்கொள்ள இலையே இருக்காது. அளவைக் கூட்டினால் இலை உடனே கருகிவிடும். கருகிய இலை மருந்தை வேருக்குக் கடத்தாது. நாலு தவறையும் நீங்களே செய்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் காய்கறி எதுவும் போடுவதாக இருந்தால் பொறுங்கள். மூன்றாவது முறை அடிக்காதீர்கள்.

களை முளைக்காமல் மண்மேல் விரிக்கிற பாய், வீட் மேட் (weed mat) வாங்கலாமா? (சேலம்)

வாங்கலாம், கனமானதாக, வெயில் தாங்கும் என்று எழுதியிருப்பதாக. நான் மலிவாகக் கிடைத்ததென்று மெல்லிய பாயை வாங்கி 30 அடிக்கு விரித்தேன். ஒரே கோடையில் நார் நாராகப் பிரிந்து, அந்த நார் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. கோரை முளை மெல்லிய பிளாஸ்டிக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும் என்பதையும் அந்தக் கோடையில்தான் கண்டேன்.

எங்கள் ஊர் உரக்கடையில் பெரிய பாட்டிலிலிருந்து 100 மில்லி 'புல்லு மருந்து' தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். சின்னத் தோட்டத்துக்கு ஒரு லிட்டர் எதற்கு? இது நமக்கு லாபம்தானே? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

இந்த ஒரு வழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பூச்சிமருந்துச் சட்டம் 1968-இல் வந்தது, விதிகள் 1971-இல் வந்தன. களைக்கொல்லியும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. மருந்தை மூடி முத்திரையிட்ட டப்பாவில்தான் விற்க வேண்டும். டப்பாமேல் மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், பதிவு எண், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, விஷமுறிவுக் குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிய அந்த நொடியில் இவை அத்தனையும் போய்விட்டன. உங்கள் கையில் இருப்பது என்ன மருந்து என்று உங்களுக்கும் தெரியாது, நாளை மருத்துவருக்கும் தெரியாது.

'புல்லு மருந்து' என்று சில கடைகளில் பாராகுவாட்டையும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அடித்த மறுநாளே புல் கருகுவதால் அதற்கு நல்ல பெயர். அதை ஒரு வாய் விழுங்கியவரைக் காப்பாற்றுவது மிகக் கடினம். அதற்கு முறிமருந்து கிடையாது. நுரையீரல் நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் அதை நிறுத்தியது, பக்கத்தில் கேரளம் 2011-இல் தடை செய்தது. அப்படிப்பட்டதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, பையில் காய்கறியோடு வைத்து வீட்டுக்கு எடுத்து வருகிறோம்.

நானும் வாங்கியிருக்கிறேன். பல வருடம் முன்பு, சோடா பாட்டிலில், பழைய துணியை அடைத்துக் கொடுத்தார்கள். திண்ணை மாடப்பிறையில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டி எடுத்து, துணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அதன் பாட்டி பார்த்துவிட்டார். அந்தப் பாட்டி என்னைத் திட்டவில்லை. பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து லூசில் மருந்து விற்பதை எந்தக் கடையில் கண்டாலும் நின்று கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டப்பாமேல் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சாப்பாட்டுப் பொட்டலத்தில் சைவத்துக்குப் போடுகிற பச்சைப் புள்ளி போல இதையும் நினைத்துக்கொண்டு, 'பச்சை போட்டிருக்கு, இயற்கை மருந்துதான்' என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். பச்சையும் விஷம்தான், மற்றதைவிடக் குறைவு, அவ்வளவே.

100 மில்லிதான் வேண்டுமென்றால் 100 மில்லி டப்பாவாகவே கேளுங்கள். இல்லையென்றால் மண்வெட்டியை எடுங்கள். அந்தத் தண்ணீர் பாட்டில் இன்னும் வீட்டில் இருந்தால், இன்றே பூட்டிய இடத்துக்குப் போகட்டும். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

களைக்கொல்லிக்கும் வேப்பெண்ணெய்க்கும் ஒரே பேட்டரி ஸ்ப்ரேயர் போதுமா? (உடுமலை)

போதாது. அகல இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி அடித்த ஸ்ப்ரேயரை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, அதிலேயே தக்காளிக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன். நாலே நாளில் கொழுந்தெல்லாம் கயிறு போல முறுக்கிக்கொண்டது, 40 செடியும் போயிற்று. களைக்கொல்லிக்கு இரண்டு லிட்டர் கைத்தெளிப்பான் ஒன்று தனியாக வாங்கி, சிவப்புப் பெயின்ட் அடித்து வையுங்கள்.

புது வீடு. காலி இடத்தில் புல் வராமல் இருக்க உரக்கடையில் அட்ரசின் தூள் கொடுத்தார்கள். 'கீரை, வெள்ளரி போடப் போகிறேன்' என்று சொல்லித்தான் வாங்கினேன். இப்போது எந்த விதை போட்டாலும் முளைத்து, இலை ஓரம் மஞ்சளாகிச் செத்துப்போகிறது. விதை கெட்டதா? (வாசகி, பெரம்பலூர்)

விதைமேல் குற்றம் இல்லை அம்மா, உங்கள்மேலும் இல்லை. என்ன போடப் போகிறோம் என்று சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு மேல் வாங்குகிறவர் என்ன செய்ய முடியும்?

அட்ரசின் மக்காச்சோளத்துக்கு அடிக்கிற மருந்து. சோளப்பயிர் அதைத் தன் உடம்புக்குள்ளேயே முறித்துவிடும். கீரை, வெள்ளரி, பீன்ஸ், தக்காளிக்கு அந்தத் திறன் இல்லை. விதை முளைக்கும், வேர் மருந்தை உறிஞ்சியதும் இலை வெளிச்சத்திலிருந்து உணவு செய்ய முடியாமல் மஞ்சளாகும். நீங்கள் எழுதிய அடையாளம் அப்படியே பொருந்துகிறது. மண்ணில் மாதக் கணக்கில் தங்கக்கூடிய மருந்து அது.

மட்கிய எருவைத் தாராளமாகக் கலந்து, மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைக்கும். அதுவரை இடம் சும்மா கிடக்க வேண்டாம், மக்காச்சோளம் போடுங்கள், அது வரும். மாதம் ஒருமுறை அந்த மண்ணை ஒரு தொட்டியில் அள்ளி நாலு வெள்ளரி விதை போட்டுப் பாருங்கள். மூன்று வாரம் பச்சையாக நின்றால் தோட்டம் உங்களுக்குத் திரும்பிவிட்டது. கடை ரசீதில் மருந்தின் பெயர் எழுதியிருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள்.

சுவரோரம் பார்த்தீனியம். எதை வாங்க? (ஓசூர்)

கையுறை வாங்குங்கள். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் தொட்டால் தோல் தடித்து அரிக்கும்.

தனியாக இருக்கிற என் அம்மாவிடம் (72 வயது) வீடு தேடி வந்த இருவர் 'மூலிகைக் களைக்கொல்லி, ரசாயனமே இல்லை' என்று 5 லிட்டர் கேனை 2,400 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களே அடித்தும் கொடுத்தார்கள். களையோடு முருங்கையும் இரண்டு பப்பாளியும் வாடிவிட்டன. லேபிளே இல்லை, ரசீதும் இல்லை. அம்மா தன் தவறு என்று அழுகிறார். (வாசகர், கோபி)

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், இதில் அவர் செய்த தவறு எதுவும் இல்லை. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடாகப் பார்த்து வருகிறவர்கள் இவர்கள். இப்படிப்பட்ட கடிதம் எனக்கு இது முதல் முறை இல்லை.

இலை முறுக்கிக்கொண்டு வாடியிருந்தால் 2,4-டி போன்ற அகல இலை மருந்தாக இருக்கலாம். முருங்கையும் பப்பாளியும் அதைத் தாங்காது. கேனில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். பதிவு எண் இல்லாத களைக்கொல்லியை விற்கவும் கூடாது, உரிமம் இல்லாமல் யாரும் விற்கவும் கூடாது. 'மூலிகை' என்ற சொல் அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். பூச்சிமருந்து ஆய்வாளர் என்ற பொறுப்பில் இருக்கிற அலுவலர் அங்கே இருப்பார், மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. நீங்களே கேனைத் திறந்து வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள்.

ரசீது இல்லையென்று கலங்க வேண்டாம். பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்தப் பதிவே போன எண்ணைக் காட்டும், அதோடு காவல் நிலையத்திலும் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆள் அடையாளம் தெரிந்துவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அம்மா வசிக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

முருங்கையை இப்போது வெட்டிவிடாதீர்கள், முதலில் வாடிய கிளைகளைப் படம் எடுங்கள். ஆய்வு முடிவு வரும்வரை அந்த மரத்துக் கீரையைப் பறித்துச் சமைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். காலிக் கேன்தானே என்று அவர் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாரா என்பதை இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.