பனிச்சரிவைத் தொடக்கி விடுவது யார்? சில கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் உயரமான இடம் எது என்று கேட்டால் தண்ணீர்த் தாங்கியைத்தான் கைகாட்ட வேண்டும். அப்படியான ஊரிலிருந்து பனிமலை பற்றி இத்தனை கேள்விகள் வருகின்றன என்றால் காரணம் தெரிந்ததுதான். வீட்டுக்கு ஒருவர் சுவிஸிலோ நோர்வேயிலோ கனடாவிலோ இருக்கிறார். எங்கள் தலைமுறை அங்கே போய்ச் சமையலறையோடு நின்றுவிட்டது, பிள்ளைகள் மலையேறுகிறார்கள். நானும் சுவிஸின் கிறவுபுண்டன் மாநிலத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் தொடங்கியவன்தான். கூட வேலை செய்தவர்களோடு மலைக்குப் போகப் பழகி, பயிற்சி வகுப்புகள் முடித்து, பத்துக் குளிர்காலம் குழுக்களைக் கூட்டிப் போனேன். இப்போது கோப்பாயில் வெங்காயமும் மிளகாயும்.

மகன் சுவிஸில். சனி ஞாயிறில் லிஃப்ட் இல்லாத மலைகளுக்கு ஸ்கீயோடு போகிறான். மேலேயிருந்து பனி சரிந்து மூடிவிடுமோ என்று நெஞ்சு பதறுகிறது. போகாதே என்று சொல்லவா?
– ஓர் அம்மா, சாவகச்சேரி

சொல்லிப் பாருங்கள் அம்மா, கேட்கமாட்டான். அதைவிட உபயோகமான வேறொன்று இருக்கிறது.

பனிச்சரிவு என்றதும் நாங்கள் நினைப்பது, சும்மா நடந்து போகிறவன் தலையில் மலை வந்து விழுகிற காட்சியை. அப்படியும் நடக்கும், ஆனால் அரிது. பொழுதுபோக்காக மலைக்குப் போய்ப் பனிச்சரிவில் இறப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில், அவர்களோ கூட வந்தவரோ தொடக்கிவிட்ட சரிவில்தான் இறக்கிறார்கள்.

எப்படி என்றால், தரையில் உழுந்தைப் பரவிக் கொட்டி அதன்மேல் ஒரு பலகையை வைத்துப் பாருங்கள். தரை மட்டமாக இருந்தால் பலகை பேசாமல் கிடக்கும். ஒரு பக்கம் உயர்த்தினால், சும்மா விரலால் தொட்டாலே போய்விடும். மலையில் குளிரான தெளிந்த இரவுகளில் பனியின் உள்ளே இருக்கும் துகள்கள் உருமாறிச் சீனி போல ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கும். அதுதான் உழுந்து. பிறகு காற்று கொண்டுவந்து குவித்து இறுக்கிய பனி பலகை. உங்கள் மகன் விரல்.

50 மீட்டர் அகலம், 80 மீட்டர் நீளம், அரை மீட்டர் தடிப்பு என்றால் மலைக்கு அது ஒரு சின்னத் துண்டு. காற்று இறுக்கிய பனி ஒரு கனமீட்டர் 200 கிலோ என்று வைத்தாலும் 400 தொன் வருகிறது. அதற்குள் அகப்பட்டவர் நீந்தி வெளியே வருவார் என்பதெல்லாம் பேச்சுக்கு.

அவன் தொடக்கிவிடுவதுதான் ஆபத்து என்றால், தொடக்கிவிடாமல் இருப்பதும் அவன் கையில்தான் இருக்கிறது. ஆகவே போகாதே என்பதை விட்டுவிட்டு, முதல் நாள் இரவே மூன்று கேள்வி கேளுங்கள். நாளைக்கு அபாயப் படி, அதாவது பனிச்சரிவு ஆபத்தின் அளவு, ஐந்தில் எத்தனை? போகிற சரிவு எத்தனை பாகை? கூட யார்? டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் குளிர்காலம் முழுக்க மாலை 5 மணிக்கு அந்தப் படியைச் சொல்லும் அறிக்கை விடும், காலை 8 மணிக்கு அதைப் புதுப்பிக்கும். அவர்களின் மாலை 5 மணி எங்களுக்கு இரவு 9.30. நீங்கள் நித்திரைக்குப் போகுமுன் கேட்டுவிடலாம். மூன்றுக்கும் அவனிடம் தடுமாறாமல் பதில் இருந்தால் நிம்மதியாகப் படுங்கள். "அதெல்லாம் ஒன்றும் இல்லையம்மா" என்றால்தான் பயப்பட வேண்டும்.

ஸ்கீயோடு மலையில் மேலே ஏறுவது எப்படி? வழுக்காதா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நல்லூர்

நல்ல கேள்வி. பெரியவர்கள் இதைக் கேட்க வெட்கப்படுகிறார்கள். ஸ்கீயின் அடியில் நீளமான ஒரு பட்டையை ஒட்டுவோம். அதில் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். நெற்கதிரை ஒரு பக்கமாக உருவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாக உருவினால் கூர் பிடிக்கும் இல்லையா, அதே விஷயம். முன்னுக்குத் தள்ளும்போது வழுக்கும், பின்னுக்குப் போகாது. அந்தக் காலத்தில் கடல்நாய்த் தோல், இப்போது ஆட்டு மயிர் அல்லது நைலோன். காலணியின் குதிகால் விடுபட்டு இருப்பதால் நடந்தே ஏறலாம். உச்சியில் பட்டையை உரித்து மடித்து வைத்துவிட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்குவோம். மூன்று மணித்தியாலம் ஏறி இருபது நிமிடத்தில் இறங்கும்போது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அபாயப் படி ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே? போகலாமா?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

பரீட்சைப் புள்ளி போலப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நானும் அப்படித்தான் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐரோப்பாவில் 1993 முதல் பொதுவாகப் பாவிக்கும் இந்தப் படிகள் ஒன்றிலிருந்து ஐந்து வரை போகும். ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் ஒரே அளவு கூடுவதில்லை, மடங்காகக் கூடுகிறது. ஐந்தாம் படியில் வீதியை மூடுவார்கள், ஊரையே வெளியேற்றிவிடுவார்கள். 1999 பெப்ரவரியில் ஒஸ்திரியாவின் கல்ற்றூர் கிராமத்தில் பனி வீடுகளுக்குள் புகுந்து 31 பேர் இறந்தது அப்படியான நாட்களில்தான். அந்த நாட்களில் ஸ்கீக்காரர் ஒருவரும் வெளிக்கிடமாட்டார்கள். மூன்றில் வானம் நீலமாக இருக்கும், புதுப்பனி மினுங்கும், எல்லாரும் வெளிக்கிடுவார்கள். சுவிஸில் பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்றாம் படி நாட்களில் நடக்கிறது. நடுத்தரம் என்று ஜேர்மன் மொழியில் அதற்குப் பெயரும் இல்லை, "கணிசமானது" என்றுதான் பெயர்.

மூன்று என்றால் வீட்டில் இரு என்று அர்த்தம் இல்லை. முப்பது பாகைக்குக் குறைந்த சரிவில் போ, அதைவிடச் செங்குத்தான சரிவுக்குக் கீழேயும் போய் நிற்காதே, அவ்வளவுதான். முப்பது பாகை என்றால் கிடையாகப் பத்து மீட்டர் போகும்போது ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். உங்கள் வீட்டு மேல்மாடிப் படிக்கட்டு கிட்டத்தட்ட அந்தச் சாய்வுதான். பலகைபோலப் பிளக்கும் சரிவுகளில் பெரும்பாலானவை முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் நடக்கின்றன. சுவிஸ் அரச வரைபடத்தில் முப்பதுக்கு மேற்பட்ட சரிவுகளுக்கு நிறம் பூசியே வைத்திருக்கிறார்கள், கைத்தொலைபேசியில் பார்க்கலாம்.

காற்றை நாங்கள் ஊரிலேயே படிக்கலாம். மணற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள். காற்று வரும் பக்கம் மணல் மேடு மெல்லச் சாய்ந்திருக்கும், மறைவுப் பக்கம் செங்குத்தாக விழும். அங்கே கால் வைத்தால் மணல் ஓடும். பழைய அந்தோனியார் கோவிலைப் புதைத்ததும் அந்தக் காற்றுத்தான். மலையிலும் காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறைவுப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டும். சோளகமும் வாடையும் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதுப் பாடம் இல்லை.

சரி, என் கதை. நாலாவது குளிர்காலம். படி மூன்று, இரண்டு நாள் காற்று அடித்து ஓய்ந்த காலை. சரிவில் ஏற்கெனவே ஆறேழு ஸ்கீத் தடம் கிடந்தது. அவர்கள் போனார்கள்தானே என்று நானும் இறங்கினேன். காலுக்கு அடியில் "வூம்" என்று ஒரு சத்தம். அரிசி மூட்டையை நிலத்தில் போட்டால் வருமே, அதுதான். பனிக்கு உள்ளே பலகை அமர்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் நின்ற இடம் பிளக்கவில்லை, எனக்கு மேலே நின்ற நண்பரின் இடம் பிளந்தது. அவரை அறுபது மீட்டர் இழுத்துப் போய் இடுப்பளவு பனியில் விட்டது. ஒரு ஸ்கீ அடுத்த ஆனியில், பனி உருகிய பிறகு கிடைத்தது. தடம் கிடப்பது முன்னுக்குப் போனவருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதைத்தான் சொல்லும்.

2016இல் சியாச்சினில் ஓர் இராணுவ வீரர் ஆறு நாள் பனிக்குள் உயிரோடு கிடந்தாரே. பிறகேன் எல்லாரும் நிமிடக் கணக்கு சொல்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

அந்தச் செய்தி எனக்கும் மறக்கவில்லை. 2016 பெப்ரவரி 3ஆம் திகதி, ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் பத்துப் பேர் புதைந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டு, 11ஆம் திகதி டில்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். அவரைச் சுற்றிக் காற்று நிற்க இடம் கிடைத்திருந்தது. வெளியில் ஸ்கீயோடு அள்ளுப்படுகிறவருக்கு அந்த இடம் கிடையாது. ஓடி நின்ற பனி சீமெந்து போல இறுகிவிடும், விரலை அசைக்க முடியாது, மூச்சுக்காற்றே முகத்துக்கு முன்னால் ஐஸாகி அடைக்கும்.

முழுதாகப் புதைந்தவர்களில், முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணித்தியாலம் ஆனால் மூன்று பேர் அளவில்தான். இது சுவிஸ் விபத்துப் பதிவுகளில் இருந்து வந்த கணக்கு. மீட்பு ஹெலிகொப்டர் எவ்வளவு கெட்டித்தனமாக வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் வராது. சுவிஸில் மீட்பு எண் 1414ஐ அழைக்கத்தான் வேண்டும். ஆனால் தோண்டப்போவது கூடப் போனவர்தான். அந்த அம்மாவுக்குக் "கூட யார்?" என்ற கேள்வியைச் சொன்னது இதற்காகவே.

மருமகன் படிக்க நோர்வே போகிறான். மலைக்குப் போகும் ஆசையும் உண்டு. என்ன சாமான் வாங்கிக் கொடுக்கலாம்? காற்றுப்பை வைத்த முதுகுப்பை நல்லதென்கிறார்கள்.
– மாமா, மானிப்பாய்

மூன்று சாமான், ஒன்றும் குறையக்கூடாது. உடம்போடு கட்டும் தேடுகருவி (சமிக்ஞை அனுப்பும், புதைந்தவரின் சமிக்ஞையையும் பிடிக்கும்), பனிக்குள் குத்தித் தேட மடித்து வைக்கும் துழாவுகோல், உலோகச் சவள். பிளாஸ்டிக் சவள் வேண்டாம், இறுகிய பனியில் உடையும். கருவிகள் எல்லாம் 457 கிலோஹேர்ட்ஸில் பேசுவதால் எந்தக் கம்பனி வாங்கினாலும் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும். கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்தால் கருவி குழம்பும். தேடும்போது குறைந்தது அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

காற்றுப்பை வேலை செய்யும். மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் பெரிய துண்டுகள் மேலே வரும் அல்லவா? ஓடுகிற பனியில் பை ஊதியவர் பெரிய துண்டு. சரிவில் கடுமையாக அகப்பட்டவர்களின் மரணத்தை ஏறத்தாழப் பாதியாக அது குறைக்கிறது. ஆனால் மரத்தில் மோதினாலோ பாறையில் விழுந்தாலோ அதால் ஒன்றும் ஆகாது. காசு அளவாக இருந்தால் பையை விட்டுவிட்டுப் பயிற்சி வகுப்புக்குக் கட்டுங்கள்.

பழகாத கருவி விளையாட்டுச் சாமான்தான். போன வருடம் நோர்வே போக இருந்த இரண்டு தம்பிகளை மணற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு கருவியைச் சீலையில் சுற்றி முழங்கையளவு மணலில் புதைத்துவிட்டு மற்றதைக் கையில் கொடுத்தேன். முதல்தரம் பதினேழு நிமிடம். கருவியைப் பார்த்துக்கொண்டு ஓடாமல் மணலைப் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். மத்தியானம் நாலு நிமிடத்துக்கு வந்துவிட்டது. கிட்ட வந்தால் வேகம் குறைத்துக் கருவியை நிலத்தோடு பிடி, கோலைச் சுழலாக இருபத்தைந்து சென்ரிமீட்டர் இடைவெளியில் குத்து, பட்டதும் கோலை எடுக்காதே, கோலுக்கு நேரே மேலே நின்று கிண்டாமல் சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டு. மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நகை துலைந்துவிட்டதா என்று கேட்டுத் தானும் தேட வந்துவிட்டார். நோர்வேயின் அறிக்கைகள் வார்சொம் என்ற அரச தளத்தில் வரும், அதையும் சொல்லிவிடுங்கள்.

நாயின் கழுத்தில் பிராந்திப் பீப்பா கட்டி அனுப்புவார்களாமே?
– கொக்குவில்

படத்தில் மட்டும். சென் பேர்னாட் நாய்கள் ஆட்களைக் காப்பாற்றியது உண்மை, பீப்பா ஓவியத்தில் இருந்து வந்த கதை. குளிரில் விறைத்தவருக்குச் சாராயம் கொடுத்தால் தோலுக்கு இரத்தம் ஓடி உடம்புச் சூடு இன்னும் இறங்கும். இன்று பனிச்சரிவில் தேடுவது பெரும்பாலும் இலேசான உடம்புள்ள வேறு சாதி நாய்கள்தான்.

இதற்கும் மலையகத்து மண்சரிவுக்கும் என்ன வித்தியாசம்?
– பொறியியல் தொழில்நுட்பவியலாளர், சுன்னாகம்

இரண்டும் சாய்வில் பாரம் கூடி, உள்ளே பிடிமானம் குறைந்து நடப்பவைதான். மண்சரிவில் பிடிமானத்தைத் தின்பது பெரும்பாலும் மழைநீர். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தபோது அங்கிருந்த எவரும் அதைத் தொடக்கிவிடவில்லை. அவர்கள் அங்கே குடியிருந்தார்கள், அவ்வளவுதான். ஸ்கீக்காரர் விரும்பிப் போகிறவர், விரும்பினால் திரும்பி வரலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது.

ஐம்பத்தெட்டு வயது. கனடாவில் மகளிடம் போகிறேன். பனிச்சப்பாத்து கட்டி மலைப்பாதையில் நடக்கலாம் என்கிறார் மருமகன். நடப்பதுதானே, பயமில்லையே?
– கரவெட்டி

நடக்கலாம் அக்கா, அருமையாக இருக்கும். ஆனால் பனிக்கு ஸ்கீயும் சப்பாத்தும் ஒன்றுதான். அது மட்டுமில்லை, பனிக்குள்ளே அந்த உழுந்து போல ஒட்டாத படை இருக்கும் நாளில் சரிவின் அடிவாரத்தில் மட்டமான இடத்தில் நடந்தாலும் மேலே பிளக்கும். உழுந்துப் பலகையின் ஒரு மூலையை அழுத்தினால் மறு மூலை அசைகிற மாதிரி. மருமகனிடம் அவலாஞ்ச் கனடாவின் அன்றைய அறிவிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதைகளை எளிது, சவால், சிக்கல் என்று அங்கே தரம் பிரித்திருக்கிறார்கள். உங்களுக்கு எளிது. அடர்ந்த காட்டுக்குள், மேலே வெட்டைச் சரிவு இல்லாத பாதை. காட்டின் நடுவே மரமே இல்லாமல் மேலிருந்து கீழே ஒரு பட்டி போனால், அது பனி ஓடிப் பழகிய வழி. அதில் நின்று படம் எடுக்க வேண்டாம், கடந்து போய் எடுங்கள்.

கையுறை இரண்டு சோடி கொண்டு போங்கள். ஒன்று எப்படியும் நனையும்.